தேயிலைத் தோட்டத்தைச் சும்மா விட்டால் காடாகிவிடுமா?

போன தடவை தாமிரபரணியில் 2023 டிசம்பரில் வந்த வெள்ளத்தைப் பற்றிப் பேசியிருந்தோம். அதற்கு வந்த வாய்ஸ் நோட்களில் ஒன்று என்னை மூன்று வாரம் தூங்கவிடவில்லை. அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணே, மாஞ்சோலை எஸ்டேட்ட மூடிட்டாங்கல்லா. இனிமே ஆளே இல்லாம சும்மா விட்டா பத்து வருசத்துல தானா காடாயிரும்னு சொல்லுதாங்க. நெசமா?"

என் முதல் பதில், "ஆமா, ஆயிரும்ல?" என்பதுதான். அப்புறம் படிக்க ஆரம்பித்தேன். இந்த எபிசோட் அந்தப் பதிலைத் திரும்ப வாங்கிக்கொள்வதற்காக.

சென்னை, பெங்களூரு மக்களுக்குச் சின்னதாக ஒரு பின்னணி. மணிமுத்தாறு அணையைத் தாண்டி மலைப்பாதையில் ஏறினால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. வெதர் பதிவுகளை ஃபாலோ பண்ணுகிறவர்களுக்கு நாலுமுக்கும் ஊத்தும் மனப்பாடமாக இருக்கும். மழை லிஸ்டில் அடிக்கடி முதலில் வருகிற பெயர்கள். 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் இங்கே எட்டாயிரம் ஏக்கருக்கு மேல் 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்தது. எடுத்தது பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். குத்தகை 2028-ல் முடிகிறது. சுற்றிலும் இருப்பது 1988-ல் உருவான களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 2018-ல் இந்த நிலம் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2024-ல் தேயிலை வேலை நின்றது. தொழிலாளர்கள் விருப்ப ஓய்வில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கீழே இறங்க ஆரம்பித்தார்கள். நாலு தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். 1999 ஜூலை 23 பற்றி இங்கே நான் பேசப்போவதில்லை, அதற்குத் தனி எபிசோட் வேண்டும்.

ஆக, தம்பி கேட்ட கேள்விக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள். "காடு திரும்ப வரணும்" என்று சொல்லித்தான் அவர்களை இறக்கியாகிவிட்டது. அப்படியென்றால் காடு திரும்ப வருமா, எப்படி வரும் என்பது சும்மா ஒரு சயின்ஸ் சந்தேகம் இல்லை.

முதலில் என் சொந்தத் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். இன்ஜினியரிங் படிக்கும்போது நாங்கள் ஒரு கூட்டமாக மலையடிவாரத்தில், காய்ந்த ஒரு பொட்டலில், முந்நூறு கன்று நட்டோம். வேம்பு, புங்கை, நாவல். நடுவதற்கு முன்னால் ஒரு பெரிய வேலை செய்தோம்: அங்கே இருந்த முள்ளு, புதர் எல்லாவற்றையும் வழித்துச் சுத்தம் பண்ணினோம். போட்டோவில் அவ்வளவு அழகாக இருந்தது. அடுத்த வருடம் போனால் வெறும் புல். குழிகள் இருந்த இடம்கூடத் தெரியவில்லை. ஒரு ஓரத்தில் மட்டும், எங்களுக்கு வெட்டச் சோம்பலாகி விட்டுவிட்ட இரண்டு உடைமரத்தின் அடியில், ஏழெட்டு வேம்பு இடுப்பு உயரத்துக்கு நின்றது. நாங்கள் வேலை செய்த இடத்தில் எல்லாம் செத்துப்போச்சு, வேலை செய்யாத இடத்தில் பிழைத்திருந்தது. அன்றைக்கு அதை அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். அது ஏன் என்று புரிய எனக்கு ஏழு வருடம் ஆனது.

அதைப் புரிந்துகொள்ள நேராக மேலே போவோம். காக்காச்சிப் பக்கம் கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல். வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும் மழை. வெடிப்பலாவும் பாலி மரமும் ஆதிக்கம் செலுத்தும் பசுமைமாறாக் காடு. அனுமதியும் வழிகாட்டியும் வாங்கிக்கொண்டு போயிருந்தபோது என் போனில் லக்ஸ் மீட்டர் ஆப் போட்டுப் பார்த்தேன். ரோட்டில் எண்பதாயிரம் காட்டியது. ரோட்டிலிருந்து பதினைந்து எட்டு உள்ளே வைத்தால் ஆயிரத்துக்கும் கீழே. போன் சென்சாரை நம்பி யாரும் தீசிஸ் எழுதக்கூடாது, ஆனால் அளவு தப்பில்லை: இந்த மாதிரிக் காட்டின் தரைக்கு வந்துசேர்வது வெளியில் அடிக்கும் வெளிச்சத்தில் ஒன்றிரண்டு சதவீதம்தான் என்று உலகம் முழுக்க அளந்திருக்கிறார்கள்.

அந்த ஒரு சதவீதத்தில்தான் தரை முழுக்கக் கன்றுகள் நிற்கின்றன. முழங்கால் உயரம், நாலைந்து இலை. பார்த்தால் போன மாசம் முளைத்தது மாதிரி இருக்கும். இந்த வகைக் காடுகளில் அப்படி நிற்கும் கன்றுக்குப் பத்து வயதுகூட இருக்கலாம்.

ஒரு செடி மூச்சு விடவே கொஞ்சம் சர்க்கரை செலவாகும். வெளிச்சத்தில் சம்பாதிக்கும் சர்க்கரை அந்தச் செலவுக்குச் சமமாகிற ஒரு புள்ளி உண்டு. அதற்குக் கீழே போனால் கடன், நாள்பட்டால் சாவு. வெடிப்பலா மாதிரி நிழல் தாங்கும் மரங்களின் கன்றுகள் அந்தச் செலவையே குறைத்து வைத்திருக்கின்றன. கனமான, நீண்ட நாள் உழைக்கும் இலை, அடர்த்தியான கட்டை, மெதுவான வளர்ச்சி. நம்ம பாஷையில் சொன்னால் லோ பவர் மோட். ஆரம்ப முதலீடாகப் பெரிய விதை கையில் இருக்கிறது. மேலே இலைகளுக்கு நடுவே அங்கங்கே ஓட்டை வழியாக விழும் வெயில் பொட்டு, சில நொடி, சில நிமிடம் நகர்ந்துகொண்டே போகும். ஒரு கன்றின் அன்றைய சம்பாத்தியத்தில் பெரும்பங்கு அந்தச் சில நிமிடங்களில் வந்துவிடும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம், நிழல் என்பது வெறும் இருட்டு இல்லை என்பது. இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். அதற்குப் பக்கத்தில் இருக்கும் தூரச்சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் கீழே விட்டுவிடும். ஒரு கட்டடத்தின் நிழலில் இருக்கும் செடிக்கும் இன்னொரு செடியின் நிழலில் இருக்கும் செடிக்கும் கிடைக்கும் வெளிச்சத்தின் நிறமே வேறு. செடியில் ஃபைட்டோக்ரோம் என்று ஒரு நிறமி இந்த இரண்டு சிவப்புகளின் விகிதத்தைப் படிக்கிறது. "என் தலைக்கு மேல யாரோ நிக்காங்க" என்பது செடிக்குத் தெரியும். வெயில் விரும்பி மரங்களின் கன்றாக இருந்தால் உடனே இலை, வேர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காசை முழுக்க உயரத்தில் போடும். ஒல்லியாக, வெளுத்துப்போய், நீண்டு நிற்கும். மாடி வீட்டு ஜன்னலோரத்தில் வளர்த்த தக்காளிச் செடியைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வட்டக்கண்ணி மாதிரி மரங்களுக்கு அந்த ஓட்டம் வெளியில் ஜெயிக்கும், காட்டுக்குள்ளே தோற்கும். நிழல் தாங்கிகள் ஓடவே மாட்டார்கள். உட்கார்ந்திருப்பார்கள்.

எதற்காக? ஒரு பெரிய மரம் விழுவதற்காக. காற்றிலோ மழையிலோ ஒரு கிழட்டுப் பாலி மரம் சாய்ந்தால் கூரையில் ஒரு ஓட்டை விழும். சின்ன ஓட்டை என்றால் ஏற்கனவே கீழே காத்திருந்த கன்றுகள் விறுவிறுவென்று மேலே போகும். பெரிய ஓட்டை என்றால் வட்டக்கண்ணி போன்ற வெயில் விரும்பிகள் முளைத்துவந்து முந்திக்கொள்ளும். அவை சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் சாகும். அவற்றின் நிழலில் மறுபடி வெடிப்பலா. ஓட்டையின் அளவுதான் யாருக்கு வாய்ப்பு என்று முடிவு பண்ணுகிறது.

இதுவரை கேட்டால் "சரி, வெளிச்சம்தான் எல்லாமே" என்று தோன்றும். இங்கேதான் நான் ரொம்ப நாள் குழம்பினேன். ஏனென்றால் நாங்கள் நட்ட பொட்டலில் வெளிச்சத்துக்கு என்ன பஞ்சம்?

மண்ணுக்குக் கீழே நடப்பது வேறு ஒரு சண்டை. காட்டு ஆராய்ச்சியில் பழைய ஒரு சோதனை உண்டு: கன்றைச் சுற்றி ஆழமாகக் குழி தோண்டி, பக்கத்து மரங்களின் வேர்களை மட்டும் அறுத்துவிடுவது. வெளிச்சத்தில் கை வைக்கமாட்டார்கள். அப்புறம் கன்று எவ்வளவு வளர்கிறது என்று பார்ப்பார்கள். இந்த மாதிரிச் சோதனைகளையெல்லாம் தொகுத்து 2000-ல் கூம்ஸ், கிரப் என்ற இரண்டு தாவரவியலாளர்கள் எழுதினார்கள். ஈரமும் சத்தும் உள்ள மண்ணில், கடும் நிழலில், வேரை அறுத்தாலும் கன்றுக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. அங்கே தட்டுப்பாடு வெளிச்சம்தான். மண் வறண்டதாகவோ சத்தில்லாததாகவோ இருந்தால், நிழல் அப்படியே இருக்கும்போதே, வேர்ப்போட்டி நின்றதும் கன்று வளர்கிறது.

இதைத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் மேல் வைத்துப் பாருங்கள். ஒரே ஆறுதான், ஆனால் காக்காச்சியிலிருந்து முண்டந்துறைக்கு இறங்கி, கல்லிடைக்குறிச்சி வழியாகத் திருநெல்வேலி வருவதற்குள் மழை கால்வாசிக்கும் கீழே போய்விடுகிறது. மேலே நிழல் என்பது பட்டினி. கீழே, சித்திரை வெயிலில், நிழல் என்பது தண்ணீர். உடைமரத்தின் அடியில் மண் சூடு குறைவு, ஈரம் கொஞ்சம் கூடுதல் நாள் நிற்கும், முள்ளுக்குப் பயந்து ஆடு வாய் வைக்காது. அந்த மரமும் வேரால் தண்ணீர் குடிக்கத்தான் செய்யும். ஆனால் கொடுத்தது எடுத்ததைவிட அதிகம். இடம் கடுமையாக ஆக ஆக, பக்கத்துச் செடி போட்டியாளராக இருப்பது குறைந்து துணையாக மாறுகிறது என்று 1994-ல் பெர்ட்னஸ், கேலவே இருவரும் ஒரு கருதுகோளை வைத்தார்கள். இன்னும் அதன்மேல் சண்டை நடக்கிறது. எங்கள் ஏழெட்டு வேம்பு அவர்கள் பக்கம்.

நாங்கள் கொன்றது அந்தத் துணையைத்தான். வழித்த இடத்தில் வந்த புல்லோ மேல் மண்ணின் ஈரம் முழுவதையும் குடித்துவிட்டது.

இப்போது வில்லன். லேண்டானா, நம்ம ஊர் உண்ணிச்செடி. முண்டந்துறைப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். ரோஜா நிறமும் மஞ்சளுமாகப் பூ, கசக்கினால் ஒரு மாதிரி வாடை. அமெரிக்க வெப்பமண்டலச் செடி. 1800-களின் தொடக்கத்தில் அழகுச்செடியாகக் கல்கத்தாவில் இறக்கியது. காலைச் சுற்றிய பாம்பு என்பார்களே, அந்தக் கதை. அது தருவதும் நிழல்தான். அப்புறம் ஏன் அது உடைமரம் மாதிரி உதவுவதில்லை?

உயரம்தான் வித்தியாசம். மரத்தின் நிழல் இருபது, முப்பது மீட்டர் மேலே இருந்து வருகிறது. வெயில் பொட்டுகள் விழும், கன்றுக்கு வளர இடம் இருக்கும். உண்ணிச்செடியின் நிழல் கன்றின் உச்சந்தலையை ஒட்டி வருகிறது. ஆளுயரத்துக்குப் பின்னிப் பிணைந்த புதர், அதற்கடியில் வேர்ப்போட்டி, கோடையில் அதுவே தீக்கு விறகு. கன்று அந்த உயரத்தைத் தாண்டினால்தான் பிழைக்கும். தாண்டத்தான் அது விடாது. கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கனமலையில் அசோகா டிரஸ்ட் ஆய்வாளர்கள் ஒரே இடங்களைப் பதினோரு வருட இடைவெளியில் அளந்தார்கள்: 1997-ல் 41% இடங்களில் இருந்த உண்ணிச்செடி 2008-ல் 81% இடங்களுக்குப் பரவியிருந்தது. பெரிய மரங்கள் நிற்கும். பிள்ளை மரங்கள் குறைந்துகொண்டே போகும். வெளியிலிருந்து பார்த்தால் காடு மாதிரிதான் தெரியும், அதுதான் பயமே. அங்கே வாழும் சோலிகர் மக்கள் இதற்கு வேறு ஒரு காரணம் சொல்கிறார்கள்: நாங்கள் வருடாவருடம் வைத்த சின்னச் சருகுத் தீயை நிறுத்தியதால்தான் இது வந்தது என்று. எனக்கு அதில் நியாயம் இருப்பதாகப் படுகிறது.

சரி, மாஞ்சோலை.

தேயிலையே அடிப்படையில் நிழல் தாங்கும் ஒரு சின்ன மரம். இடுப்பு உயரத்தில் நிற்பது கவாத்து வெட்டுவதால். விட்டால் சில வருடங்களில் ஒரு ஆள், இரண்டு ஆள் உயரத்தையும் தாண்டிப்போகும். இப்போது ஆயிரக்கணக்கான ஏக்கரில் நெருக்கி நட்ட தேயிலை எல்லாம் ஒரே நேரத்தில் தலையெடுத்தால்? அடியில் கும்மிருட்டு. இடைவெளி விழுந்த இடங்களில் பெரணி, புல், உண்ணிச்செடி. தென்னிந்தியத் தேயிலைத் தோட்டங்களில் வழக்கமாக நடும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, தைலமரமும் அப்படியே.

இதில் நல்ல செய்தி ஒன்று உண்டு. மாஞ்சோலையைச் சுற்றி முழுக் காடு இருக்கிறது. விதை கொண்டுவரும் ஆட்களும் இருக்கிறார்கள்: இருவாச்சி, சோலைமந்தி, இரவில் பழுப்பு மரநாய். திவ்யா முதப்பா தன் முனைவர் பட்டத்துக்காகக் களக்காடு முண்டந்துறையில் இந்த மரநாயைப் பின்தொடர்ந்தவர். பேருக்கு ஊனுண்ணி, சாப்பிடுவது பெரும்பாலும் பழம், விதைப்பதும் அதுவே. ஆகவே காட்டை ஒட்டிய தோட்ட ஓரங்களில் கன்றுகள் தானாக வரும் என்று நம்பலாம். தோட்டத்தின் நடுப்பகுதிக்கு அந்த நம்பிக்கை எனக்கு இல்லை.

இதேபோன்ற நிலத்தில் வேலை செய்தவர்களின் அனுபவம் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று இலங்கை, சிங்கராஜ வனம். அதன் விளிம்பில் கரீபியன் பைன் மரத்தோட்டம் இருந்தது. மார்க் ஆஷ்டனும் குணதிலக்க தம்பதியும் அந்தப் பைன்களுக்கு அடியிலேயே நாட்டு மழைக்காட்டு மரங்களை நட்டுப் பார்த்தார்கள். சில இடங்களில் பைனைத் தொடவில்லை, சில இடங்களில் ஒரு வரிசை வெட்டினார்கள், சில இடங்களில் மூன்று வரிசை. 1997-ல் வெளியான முடிவு: மூன்று வரிசை எடுத்த இடத்தில்தான் கன்றுகள் நன்றாக வந்தன. முழு நிழலில் வளர்ச்சி மந்தம். அந்நிய மரம் என்று பைனை ஒரே நாளில் வழித்தெறியாமல், அதையே தாதியாக வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டை போட்டிருக்கிறார்கள். மரம் விழுந்து இயற்கையாகப் போடும் ஓட்டையை இவர்கள் ரம்பத்தால் போட்டார்கள்.

இரண்டாவது வால்பாறை. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் சார்பில் திவ்யா முதப்பாவும் டி.ஆர்.சங்கர் ராமனும் இருபது வருடத்துக்கு மேலாகத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கும் மழைக்காட்டை மீட்கிறார்கள். சொந்த நாற்றங்கால், பலவகை நாட்டு மரங்கள், உண்ணிச்செடியை வெட்டி அகற்றுதல், நட்டபிறகு திரும்பத் திரும்பக் களையெடுப்பு. 2019-ல் வந்த ஆய்வு ஒன்று, அப்படி மீட்ட இடங்களையும், பக்கத்திலேயே சும்மா விட்ட இடங்களையும், கெடாத காட்டையும் ஒப்பிட்டது. மீட்ட இடங்களில் மரங்களும் இனங்களும் கார்பனும் சும்மா விட்ட இடங்களைவிட நன்றாகத் தேறியிருந்தன. கெடாத காட்டை இன்னும் எட்டவில்லை, அது வேறு விஷயம்.

அதனால் அந்தத் தம்பிக்கு என் பதில்: ஓரம் ஆகும், நடு ஆகாது, ஆனாலும் பத்து வருசத்துல ஆகாது. தேயிலையைப் புல்டோசர் வைத்துப் பிடுங்கினாலும் ஆகாது; அது நாங்கள் பொட்டலில் செய்த அதே தப்பு, ஆயிரம் மடங்கு பெரிதாக. என்னைக் கேட்டால் சிங்கராஜ வழிதான் பொருந்தும்: வரிசை வரிசையாகத் தேயிலையை எடுப்பது, நிழல் மரங்களை இப்போதைக்கு நிற்கவிடுவது, இடையில் வெடிப்பலாவும் பாலியும் வைப்பது, முதல் சில வருடம் களையை விடாமல் பார்ப்பது.

இந்தக் கடைசி வரிக்குக் கை வேண்டும். நிறையக் கை. வழுக்கும் சரிவில், அட்டைக் கடியில், எது கன்று எது களை என்று ஒரு பார்வையில் பிரிக்கத் தெரிந்த கை.

என் நண்பனின் ஆச்சி மாஞ்சோலையில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். இப்போது கீழே, மகன் வீட்டில். இந்த எபிசோடுக்காக அவரிடம் பேசினேன். வெளிச்சம், வேர் என்று நான் பத்து நிமிடம் விளக்கியதை முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இதுக்கா ராசா இம்புட்டுப் படிப்பு? ஆறு மாசம் களை எடுக்கலன்னா தேயிலைக்குள்ள ஆளே நொழைய முடியாது. கன்னு எப்படிய்யா மூச்சு விடும்?" சில்வர் ஓக் அடியில் வெடிப்பலாக் கன்று தானா முளைச்சு வருமா ஆச்சி என்று கேட்டேன். வருமாம். காடு ஒட்டின நம்பரில் நிறைய வருமாம். களையெடுக்கும்போது அதையும் சேர்த்துத்தான் வெட்டிப்போட்டார்களாம், அதுதான் வேலை.

இப்போ அதை வெட்டாமல், சுத்திலும் இருக்கிற களையை மட்டும் எடுக்கக் கூப்பிட்டா போவீங்களா என்றேன். "எனக்கு முட்டு வலி. என் மவன் போவான். அவனுக்கு எல்லா நம்பரும் தெரியும்." அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "யாரு கூப்பிடுதா?" என்று கேட்டார்.